பூட்டு போட்டும் ஒரே வீட்டுக்கு இரண்டு படகு: முன்னுரிமை வரிசையும் பல த்ரெட்களும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் புதுச்சேரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தபோது கிருஷ்ணா நகரிலும் ரெயின்போ நகரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர். அதை மனத்தில் வைத்து ஜாவாவில் ஒரு நிரல் எழுதுகிறார். உதவி கேட்டு வரும் அழைப்புகள் அவசர எண்ணோடு ஒரு முன்னுரிமை வரிசையில் சேரும். எண் சிறியதாக இருந்தால் அவசரம் அதிகம். நான்கு படகுகளுக்கு நான்கு த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் நான்கு தனி ஓட்டங்கள். ஒவ்வொன்றும் வரிசையின் தலைப்பில் (முதலிடத்தில்) இருக்கும் கோரிக்கையைப் பார்க்கும். அந்த வீட்டு ஆட்கள் தன் படகில் அடங்குவார்கள் என்றால் எடுத்துக்கொண்டு கிளம்பும்.

ஜாவாவில் முன்னுரிமை வரிசைக்கென்று தயாராக இருக்கும் பிரயாரிட்டி கியூ என்ற கிளாஸ் பல த்ரெட்களுக்குப் பாதுகாப்பானது அன்று என்று படித்ததால், அந்தக் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து (அதிலிருந்து தன் கிளாஸை உருவாக்கி), மெத்தட்களுக்கு, அதாவது அதன் செயல்களுக்கு, சிங்க்ரனைஸ்ட் என்ற பூட்டைப் போட்டிருக்கிறார்; ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு அது. அப்படியும் மூன்று தொல்லைகள். சில ஓட்டங்களில் ஒரே வீட்டுக்கு இரண்டு படகு போகிறது. அதே ஓட்டத்தில் வேறொரு வீடு எந்தப் படகுக்கும் கிடைக்காமல் மறைந்துபோகிறது. போதாக்குறைக்கு, பதிவில் அவசரம் 3 முதலிலும் அவசரம் 2 பிறகும் அச்சாகிறது. "எல்லா மெத்தடுக்கும் பூட்டு போட்டுவிட்டேன், இன்னும் எங்கே போடுவது?" என்பது கேள்வி.

தம்பி, உங்களிடம் பூட்டு போதுமான அளவு இருக்கிறது. அது பிரிக்கக்கூடாத ஒரு வேலையை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியாகப் பூட்டியிருக்கிறது. அதற்குப் போகும் முன், பூட்டே இல்லாவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பதை ஒரு முறை எண்களோடு பார்த்துவிடுவோம். பலர் இதைப் பார்க்காமலேயே பூட்டு போடுகிறார்கள். அதனால்தான் எதற்காகப் போடுகிறோம் என்பது தெரிவதில்லை.

முன்னுரிமை வரிசையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஹீப். 1964-இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் தம் ஹீப் சார்ட் முறையோடு கொண்டுவந்த அமைப்பு. ஒரு சாதாரண அணிதான். ஆனால் ஒவ்வோர் இடமும் தன் கீழ் இருக்கும் இரண்டு இடங்களைவிடச் சிறிய எண்ணையோ சமமான எண்ணையோ வைத்திருக்கும். உங்கள் வரிசையில் ஆறு கோரிக்கைகள் இப்படி நிற்பதாக வைத்துக்கொள்வோம்: 2, 5, 3, 9, 6, 8. முதலிடத்தில் 2. அதன் கீழ் 5-உம் 3-உம். 5-இன் கீழ் 9-உம் 6-உம். 3-இன் கீழ் 8. மொத்தமாக வரிசைப்படுத்தியது போல இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலிடம் மட்டுமே உறுதி.

ஒன்றை எடுப்பது என்றால் நான்கு படிகள். எண்ணிக்கையை ஒன்று குறை. முதலிடத்தில் இருப்பதைக் கையில் எடு. கடைசியில் இருப்பதைப் பிடுங்கு. பிடுங்கியதை முதலிடத்திலிருந்து கீழே இறக்கிப் பொருத்து. இப்போது இரண்டு த்ரெட்கள், பூட்டில்லாமல், ஒரே நொடியில் எடுக்க வருகின்றன. இரண்டும் எண்ணிக்கை 6 என்று படிக்கின்றன. இரண்டும் 5 என்று எழுதுகின்றன. இரண்டின் கையிலும் 2. இரண்டும் கடைசி இடத்து 8-ஐப் பிடுங்கிவிட்டன.

முதல் த்ரெட் 8-ஐ இறக்குகிறது. 5, 3 இரண்டில் சிறியதான 3 மேலே போகிறது, அதன் இடத்தில் 8 உட்காருகிறது: 3, 5, 8, 9, 6. இரண்டாவது த்ரெட்டும் தன் கையில் இருக்கும் 8-ஐ முதலிடத்திலிருந்து இறக்குகிறது. முதலிடம் காலி என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே 3 இருப்பது அதற்குத் தெரியாது. கீழே 5-உம் 8-உம். 5 மேலே போய் 3-இன் மேல் ஏறி அமர்கிறது. 5-இன் இடத்துக்கு 6 வருகிறது. 6-இன் இடத்தில் 8. இறுதியில் வரிசை: 5, 6, 8, 9, 8.

2-ஆம் எண் வீட்டுக்கு இரண்டு படகு. 8-ஆம் எண் கோரிக்கை இரண்டு முறை நிற்கிறது. 3-ஆம் எண் கோரிக்கை உலகத்திலேயே இல்லை. இதில் என்னைப் பல ஆண்டுகளுக்கு முன்பு அதிர வைத்தது வேறொன்று. அந்த இறுதி வரிசையைச் சரிபார்த்துப் பாருங்கள்: 5-இன் கீழ் 6-உம் 8-உம், 6-இன் கீழ் 9-உம் 8-உம். குற்றமே சொல்ல முடியாத ஹீப். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நிரல் நிற்காது. 3 என்று எண் பெற்ற குடும்பம் மட்டும் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு மெத்தடுக்கும் பூட்டு. எடுக்கும் நான்கு படிகளும் முடியும்வரை வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். அந்த மெத்தட்கள் வழியாக வந்தால் ஹீப் இனி சிதையாது. ஆனால் உங்கள் படகு த்ரெட் செய்வது எடுப்பது மட்டும் இல்லையே. முதலில் பீக் என்ற மெத்தடால் பார்க்கிறது. பிறகு யோசிக்கிறது. பிறகு போல் என்ற மெத்தடால் எடுக்கிறது.

கடலூர் பஸ் நிலையத்தில் வெள்ளிக்கிழமை மாலை நின்றிருக்கிறீர்களா? புதுச்சேரி பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகக் காலியிடம் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டை நோக்கி ஓடுகிறவன் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வருவான். அவன் பார்த்ததற்கும் உட்காருவதற்கும் நடுவில் இன்னொருவர் துண்டைப் போட்டிருப்பார். துண்டு போடுகிறவருக்கு மட்டும் இடம் பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே அசைவு. நான் பல ஆண்டுகளாக மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய் வேலை பார்க்கிறவன். த்ரெட் பாதுகாப்பை நூல்களில் படிக்கும் முன்பே அந்தப் படிக்கட்டில் கற்றுக்கொண்டேன்.

உங்கள் நிரலில் நடப்பதும் அதுவே. முதல் படகு த்ரெட் பார்க்கிறது: தலைப்பில் கிருஷ்ணா நகர் வீடு. இரண்டாவது படகு த்ரெட் பார்க்கிறது: அதே கிருஷ்ணா நகர் வீடு. முதலாவது எடுக்கிறது, கிருஷ்ணா நகர் வெளியே வருகிறது. இரண்டாவது எடுக்கிறது, இப்போது வெளியே வருவது அடுத்து நின்ற ரெயின்போ நகர் வீடு. ஆனால் இரண்டாவது த்ரெட் ஏற்கெனவே பார்த்துவைத்த முகவரியை நம்பிக் கிளம்புகிறது. கிருஷ்ணா நகருக்கு இரண்டு படகு, ரெயின்போ நகர் எந்தப் பட்டியலிலும் இல்லை. உங்கள் முதல் இரண்டு தொல்லைகளும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். பீக்குக்கும் பூட்டு இருந்தது, போலுக்கும் பூட்டு இருந்தது. நடுவில் பூட்டு இல்லை.

சி++ மொழியின் முன்னுரிமை வரிசையில் இந்த இடைவெளி மொழியின் நூலகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே தலைப்பைக் காட்டுவது ஒரு செயல், நீக்குவது இன்னொன்று. நீக்கும் செயல் எதையும் திருப்பித் தராது. நகலெடுக்கும்போது பிழை எழுந்தால் உறுப்பு தொலைந்துவிடக் கூடாது என்ற நல்ல காரணத்துக்காக அப்படி வைத்தார்கள். ஒற்றைத் த்ரெட்டுக்கு அது சரி. பல த்ரெட் வந்தால் அந்த இரண்டையும் ஒரே மெத்தடாகச் சேர்த்துக் கட்டும் வேலை நம் தலையில் விழுகிறது. இன்னொரு சிறு எச்சரிக்கை: அங்கே இயல்பாகப் பெரிய எண்தான் தலைப்புக்கு வரும். ஜாவாவிலும் பைத்தானிலும் டாட்நெட்டிலும் சிறியது. மொழி மாற்றி எழுதுகிறவர்கள் அவசரத்தைத் தலைகீழாக்கிவிட்டு நாள் முழுவதும் தேடுவார்கள்.

இனி உங்கள் கிளாஸுக்கு வருகிறேன். "எல்லா மெத்தடுக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்திருந்த நிரலில் ஆட், பீக், போல் என மூன்றுக்கு மட்டும்தான் இருக்கிறது. தாய்க் கிளாஸிடமிருந்து ஆஃபர், ரிமூவ், கிளியர், உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டும் இட்டரேட்டர் எல்லாம் பூட்டில்லாமல் அப்படியே வந்து நிற்கின்றன. வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, தோட்டத்துக் கதவு தாழ்ப்பாள்கூட இல்லை. உங்கள் நண்பர் ஒருவர் கோரிக்கையைச் சேர்க்க ஆட் என்பதற்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் ஆஃபர் என்று எழுதினால் போதும், மேலே பார்த்த 3-ஆம் எண் கதை மறுபடி நடக்கும். நாளை ஜாவாவின் புதிய பதிப்பில் தாய்க் கிளாஸுக்கு இன்னொரு மெத்தட் சேர்ந்தால் அதுவும் உங்களைக் கேட்காமல் உள்ளே வரும்.

ஆகவே எக்ஸ்டெண்ட் வேண்டாம். உங்கள் கிளாஸ் ஒரு பிரயாரிட்டி கியூவாக இருக்கத் தேவையில்லை. அதற்குள் ஒரு பிரயாரிட்டி கியூ இருந்தால் போதும். பிரைவேட்டாக, வெளியே யாருக்கும் கொடுக்காமல். பூட்டும் அப்படியே: மெத்தடின் தலையில் சிங்க்ரனைஸ்ட் போட்டால் பூட்டாவது அந்த ஆப்ஜெக்ட்டே, அதை வெளியிலிருந்து வேறு யாரும் பூட்டிக்கொண்டு உட்கார முடியும். உள்ளே தனியாக ஒரு பூட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் உறைபொதியாக்கம் (தரவை உள்ளே மறைத்து, மெத்தட் வழியாக மட்டும் தொட விடுவது) என்று பாடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பல த்ரெட் நிரலில்தான் அதற்கு உயிர் வருகிறது. எந்தத் தரவை எந்தப் பூட்டு காக்கிறது என்பதை ஒரே கோப்பில், ஒரே பார்வையில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அந்த கிளாஸ் பாதுகாப்பானது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, எழுதியவர் உட்பட.

வெளியே என்னென்ன மெத்தட் தெரிய வேண்டும் என்பதை வரிசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படகைப் பார்த்து முடிவு செய்யுங்கள். படகுக்கு வேண்டியது, "என்னால் நான்கு பேரை ஏற்ற முடியும், அதற்குள் அடங்கும் கோரிக்கைகளில் மிக அவசரமானதைக் கொடு" என்பது. அதுவே ஒரு மெத்தட். பீக் வெளியே தெரியவே கூடாது. அந்த மெத்தடின் உள்ளே, பூட்டைப் பிடித்துக்கொண்டு, தலைப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். அடங்காதவற்றை ஒரு சிறு பட்டியலில் ஒதுக்கி வையுங்கள். அடங்கும் ஒன்று கிடைத்ததும் ஒதுக்கியவற்றைத் திரும்ப வரிசையில் போட்டுவிட்டுப் பூட்டை விடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. உங்கள் பழைய நிரலில் தலைப்பில் எட்டுப் பேர் கொண்ட குடும்பம் நின்றால், பின்னால் இரண்டு பேர் வீடு காத்திருந்தாலும் சிறிய படகு சும்மா மிதந்துகொண்டிருக்கும்.

"ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டால் மெதுவாகாதா?" என்று கேட்பீர்கள். பத்தாயிரம் கோரிக்கைகள் இருந்தாலும் ஹீப்பின் உயரம் 14 அடுக்குதான். ஓர் உறுப்பை எடுக்கும் வேலை அந்த உயர அளவில் முடிந்துவிடும். ஒரு நகரத்தின் வெள்ள அழைப்புகளுக்கு இது கணினி கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. 1990-இல் வில்லியம் பியூ ஸ்கிப் லிஸ்ட் என்ற அமைப்பை வெளியிட்டார். 2000-இல் லோட்டனும் ஷாவிட்டும் அதன் மேல் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய முன்னுரிமை வரிசையைக் கட்டிக் காட்டினார்கள். செயலியின் பல கோர்கள் ஒரே வரிசையை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை மோதும் இடங்களுக்கு அது. நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு வேண்டுமானால் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு படகுக்கு ஒரு ஹீப், ஒரு பூட்டு.

வரிசை காலியாக இருக்கும்போது உங்கள் த்ரெட் ஒரு நொடி தூங்கி எழுந்து மறுபடி பார்க்கிறது. வேலை செய்யும், ஆனால் அழகில்லை. பூட்டோடு சேர்ந்த காத்திருப்பு முறை ஒன்று ஜாவாவில் முதலிலிருந்தே இருக்கிறது: தூங்கிக் காத்திருக்க வெயிட், காத்திருப்பவர்களில் ஒருவரை எழுப்ப நோட்டிஃபை, எல்லாரையும் எழுப்ப நோட்டிஃபை ஆல். இதில் இரண்டு இடத்தில் தவறுவார்கள்.

முதலாவது, நிபந்தனையை இஃப் போட்டு ஒரு முறை மட்டும் சோதிப்பது. வைல் போட்டு, எழும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். 1974-இல் டோனி ஹோர் விவரித்த மானிட்டரில் (பூட்டும் காத்திருப்பும் சேர்ந்த அமைப்பு) எழுப்பப்பட்ட த்ரெட் உடனே உள்ளே வந்துவிடும். நடுவில் யாரும் புக முடியாது. 1980-இல் லாம்ப்சனும் ரெடெலும் எழுதிய மேசா மொழி அனுபவக் கட்டுரை வேறு வழியைச் சொன்னது: எழுப்புதல் ஒரு குறிப்பு மட்டுமே, எழுந்தவர் பூட்டைப் பிடித்து உள்ளே வருவதற்குள் நிலைமை மாறியிருக்கலாம், ஆகவே மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாவா இந்த இரண்டாவது வழியில்தான் போகிறது. எழுந்ததும் பாயாமல் மீண்டும் சோதியுங்கள்.

இரண்டாவது, நோட்டிஃபையா நோட்டிஃபை ஆலா என்பது. உங்கள் நிரலுக்கு இது முக்கியம். எட்டுப் பேர் கோரிக்கை ஒன்று வந்து சேர்கிறது. காத்திருக்கும் த்ரெட்களில் ஒன்றை மட்டும் நோட்டிஃபை எழுப்புகிறது. எது என்பது நம் கையில் இல்லை. எழுந்தது நான்கு பேர் படகு என்றால், அது பார்த்துவிட்டு "எனக்கு ஆகாது" என்று திரும்பப் படுத்துவிடும். எட்டுப் பேர் படகு தூங்கிக்கொண்டே இருக்கும். வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது, இருவருக்கும் சேதி போகவில்லை. காத்திருப்பவர்களின் நிபந்தனை ஆளுக்கு ஆள் மாறும் இடத்தில் எல்லாரையும் எழுப்பிவிடுங்கள்.

தயாராக இருக்கும் பிரயாரிட்டி பிளாக்கிங் கியூவை எடுத்துக்கொள்ளலாமே என்று மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். 2004-இல் ஜாவா 5-உடன் வந்த நல்ல கிளாஸ். உள்ளே ஒரு ஹீப், ஒரு பூட்டு, "காலி இல்லை" என்று அறிவிக்கும் ஒரு நிபந்தனை. நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வடிவம்தான். "தலைப்பில் இருப்பதை அப்படியே கொடு" என்பது மட்டும் உங்கள் தேவையாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், டேக் என்ற ஒரே மெத்தடில் காத்திருப்பும் எடுப்பும் முடிந்துவிடும். ஆனால் உங்களுக்கு ஆள் எண்ணிக்கை நிபந்தனை இருக்கிறது. அந்த கிளாஸின் பூட்டு உங்களுக்கு எட்டாது. ஆகவே பார்த்து எடுக்கும் வேலையை அதன் மேல் கட்ட முயன்றால் பழைய இடைவெளி திரும்ப வந்துவிடும். சாதாரண பிரயாரிட்டி கியூவும் சொந்தப் பூட்டும்தான் உங்களுக்குச் சரி. தவிர, அந்த கிளாஸுக்குக் கொள்ளளவு வரம்பு கிடையாது. போடுகிறவர்களை அது ஒருபோதும் காக்க வைக்காது. நினைவகம் தீரும்வரை வாங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த கிளாஸை வைத்து நானே பட்ட ஓர் அடியைச் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் சேவை ஒன்று எழுதினோம். கடவு எண் (ஓடிபி) செய்திகள் முதலில், விளம்பரச் செய்திகள் பிறகு. வரும் வேலைகளைப் பகிர்ந்து செய்யும் த்ரெட் கூட்டமான த்ரெட் பூலுக்கு பிரயாரிட்டி பிளாக்கிங் கியூவைக் கொடுத்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒப்பிடும் முறை எழுதியிருந்தோம். சோதனையில் பழுதில்லை. தீபாவளிக்கு முந்தைய மாலை, செய்திகள் குவிந்தபோது, வேலையைக் கொடுக்கும் வரியிலேயே கிளாஸ் காஸ்ட் பிழை (ஓர் ஆப்ஜெக்ட்டை அது அல்லாத வகையாக எடுத்துக்கொள்ள முயலும் பிழை) வெடித்தது. இரவு பதினொரு மணிக்கு மேல்தான் காரணம் பிடிபட்டது. சப்மிட் என்ற மெத்தட், நாம் கொடுக்கும் வேலையை ஃபியூச்சர் டாஸ்க் என்ற உறைக்குள் போட்டுத்தான் வரிசையில் சேர்க்கிறது. உறைக்கு ஒப்பிடும் முறை தெரியாது. பூலின் அடிப்படைத் த்ரெட்கள் எல்லாம் வேலையில் இருக்கும்போது மட்டுமே வரிசைக்குள் எதுவும் போகும்; எங்கள் சோதனையில் எட்டுத் த்ரெட்களுக்கு ஐந்து செய்திகள். வரிசை என்ற ஒன்றை நாங்கள் ஒரு முறைகூடச் சோதிக்கவே இல்லை! உறை போடாத எக்ஸிக்யூட் மெத்தடுக்கு மாற்றியதும் சரியானது. உறையே வேண்டும் என்றால் நியூ டாஸ்க் ஃபார் என்ற மெத்தடை மாற்றி எழுதி, ஒப்பிடத் தெரிந்த உறையைக் கொடுக்கலாம். வரம்பில்லாத வரிசையைக் கொடுத்தால் பூலின் அதிகபட்சத் த்ரெட் எண்ணிக்கை பயனற்றுப்போகும் என்பதையும் அன்றுதான் படித்தேன். வரிசை ஒருபோதும் நிறையாததால் அடிப்படை எண்ணிக்கைக்கு மேல் ஒரு த்ரெட்டும் பிறக்காது.

உங்கள் நிரலில் நீங்கள் கேட்காத ஒரு குழியும் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் கோரிக்கையின் அவசர எண்ணை செட்டர் மெத்தடால் 5-இலிருந்து 1 ஆக்குகிறீர்கள். அந்த ஆப்ஜெக்ட் அப்போது ஹீப்பின் உள்ளே இருக்கிறது. ஹீப்புக்கு இந்தச் செய்தி போகாது. எண் மாறியது, இடம் மாறவில்லை. அவசரம் 1 ஆன வீடு 5-இன் இடத்திலேயே கிடக்கும். அதோடு அந்த மாற்றம் உங்கள் பூட்டுக்கு வெளியே நடக்கிறது, இன்னொரு த்ரெட் ஹீப்பை மறுசீரமைத்துக்கொண்டிருக்கும் நடுவில்கூட நடக்கலாம். வரிசைக்குள் போகும் ஆப்ஜெக்ட்டை மாற்ற முடியாததாக்குங்கள்: எல்லாப் புலமும் ஃபைனல் (ஒரு முறை வைத்தால் மாறாதது), செட்டர் இல்லை. அவசரம் மாறினால் "இந்த எண் கோரிக்கையின் அவசரத்தை மாற்று" என்று வரிசை கிளாஸிடமே சொல்லுங்கள். அது பூட்டுக்குள் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடும். பழையதைத் தேட ஜாவா முழு அணியையும் நடந்து பார்க்கும். சில நூறு கோரிக்கைகளுக்கு அது ஒன்றுமில்லை.

ஒப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். இரண்டு எண்களைக் கழித்து விடையைத் திருப்பித் தருகிறீர்கள். ஒரு முனையில் மிகப் பெரிய எண்ணும் மறுமுனையில் எதிர்ம எண்ணும் வந்தால் கழித்தல் எல்லை தாண்டிக் குறி மாறிவிடும். ஜாவாவின் இன்டீஜர் கம்பேர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இந்த முறை உங்கள் பூட்டுக்குள் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குள் தரவுத்தளத்தைக் கேட்பது, வேறொரு பூட்டைப் பிடிப்பது எல்லாம் கூடாது. எல்லாப் படகும் நிற்கும், வாய்த்தால் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு ஒரேயடியாக உறைந்தும் போகும்.

சம அவசரம் உள்ள இரண்டு வீடுகளில் முதலில் அழைத்தவர் முதலில் வருவார் என்று நம்பாதீர்கள். ஹீப் அந்த உறுதியைத் தருவதில்லை. 2021-இல் டாட்நெட் 6-இல் வந்த முன்னுரிமை வரிசையும் தருவதில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண் கொடுத்து, அவசரம் சமமானால் அதை ஒப்பிடுங்கள். பைத்தானில் இந்த எண் இல்லாவிட்டால் இன்னும் மோசம்: அவசரத்தையும் தகவலையும் ஜோடியாகப் போட்டால், அவசரம் சமமாகும் அன்று அது தகவல்களையே ஒப்பிட முயலும், ஒப்பிட முடியாத வகை என்றால் பிழை காட்டும்.

அவசரம் 5 உள்ளவர்கள் நாள் முழுவதும் காத்திருக்கும் சிக்கலுக்கு, காத்திருக்கக் காத்திருக்க எண்ணைக் குறைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணம் நல்லது, ஆனால் அதற்காக நிமிடத்துக்கு ஒரு முறை ஹீப்பையே கலைத்து அடுக்க வேண்டியதில்லை. எல்லார் எண்ணும் ஒரே வேகத்தில் குறைந்தால் இருவருக்கு இடையிலான வித்தியாசம் மாறவே மாறாது. ஆகவே வந்த நேரத்தோடு அவசர எண்ணுக்கு ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் கூட்டி, அந்த நேரத்தையே ஒப்பிடுங்கள். காலை 9 மணிக்கு வந்த அவசரம் 5-க்கு 10:40. 10:30-க்கு வந்த அவசரம் 1-க்கு 10:50. முன்னவர் முதலில். ஒரு முறை கணக்கிட்டால் போதும், மாற்ற வேண்டியதே இல்லை. உயிர் ஆபத்து அழைப்புகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூச்சுத்திணறும் பாட்டியைக் காலையிலிருந்து பால் கேட்டுக் காத்திருப்பவருக்குப் பின்னால் நிறுத்தும் கணக்கு என்ன கணக்கு? ஒப்பிடும்போது "உயிர் ஆபத்தா" என்பதை முதலில் பாருங்கள், பிறகு இந்த நேரம்.

மூன்றாவது தொல்லை, பதிவில் 3 முதலில், 2 பிறகு. அது பிழையே இல்லை. ஒரு த்ரெட் 2-ஐ எடுத்து, பூட்டை விட்டு வெளியே வந்து, அச்சிடும் முன்பு இயங்குதளம் அதை நிறுத்தி வைத்திருக்கும். அதற்குள் இன்னொரு த்ரெட் 3-ஐ எடுத்து அச்சிட்டிருக்கும். வரிசை தான் கொடுத்த ஒழுங்கைத்தான் உறுதி செய்ய முடியும், வாங்கியவர்கள் எந்த ஒழுங்கில் முடிப்பார்கள் என்பதை அல்ல. ஒழுங்கைச் சரிபார்க்க வேண்டுமானால் எடுக்கும்போதே, பூட்டுக்குள்ளேயே, ஓர் எண் கொடுத்துப் பதியுங்கள். வரிசையை முழுவதும் அச்சிட்டுப் பார்த்து "கலைந்திருக்கிறதே" என்றும் பதற வேண்டாம்; இட்டரேட்டர் அணியை இருந்தபடியே காட்டும், நாம் மேலே பார்த்த 2, 5, 3, 9, 6, 8 போல.

சோதனைக்கு ஆயிரம் கோரிக்கைகளை எட்டுத் த்ரெட்கள் போடட்டும், வேறு எட்டுத் த்ரெட்கள் எடுக்கட்டும். நூறு முறை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஆயிரம் உள்ளே போய் ஆயிரம் வெளியே வந்தது என்று மட்டும் எண்ணிப் பார்த்து நிறுத்தாதீர்கள். உங்கள் பழைய நிரலும் அந்தச் சோதனையில் தேறும்: கிருஷ்ணா நகர் இரண்டு முறை, ரெயின்போ நகர் ஒரு முறையும் இல்லை, கூட்டுத்தொகை இரண்டு. படகுகள் போன வீடுகளின் எண்களை ஒரு பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு கோரிக்கை எண்ணும் ஒரே ஒரு முறை வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.